அக்கா சொன்ன நோ

இந்த ஊரில் எதைச் சொன்னாலும் "பார்ஃபே" என்பார்கள். பிறந்த திகதியைச் சொன்னால் பார்ஃபே. முகவரியைச் சொன்னால் பார்ஃபே. பல்லுப் பிடுங்க வந்திருக்கிறேன் என்றாலும் பார்ஃபே. பிரெஞ்சில் அதற்குக் குறையொன்றும் இல்லாதது என்று பொருள். மொன்றியலில் அதற்கு, சரி, அடுத்ததைச் சொல்லு என்று பொருள். வந்த முதல் வருடத்திலேயே எல்லோருக்கும் இது பழகிவிடும். பிறகு அந்தச் சொல் காதில் விழுவதே இல்லை. என் அக்காவின் காதிலும் விழவில்லை. அதனால் ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டுக்குள் கிடந்தார்.

அக்கா புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் பெட்டி கட்டும் வேலை செய்தவர். மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்டினார்கள், கீமோ கொடுத்தார்கள், நோய் மாறிவிட்டது. மாறிவிட்டது என்று வைத்தியர் சொன்ன கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். ஆனால் கீமோ போகும்போது அக்காவின் கால்களை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நரம்புகள் எரிந்துவிட்டன என்றார்கள். பார்வைக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன. வீக்கம் இல்லை, காயம் இல்லை. போர்வையின் ஓரம் பட்டால் போதும், அக்கா பல்லைக் கடிப்பார். "உள்ளங்கால் முழுக்கத் தணல், தம்பி. சரியான நோ" என்பார். எங்கள் ஊரில் வலியை நோ என்றுதான் சொல்வோம். தலை நோ, வயிற்று நோ, கால் நோ. அக்கா இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். பண்டசாலை ஆங்கிலமும் பஸ் பிரெஞ்சும் அவருக்குத் தாராளமாக வரும். நோ மட்டும் தமிழில்தான் வரும்.

வெயில் காலத்தில் ஒரு செருப்போடு சமாளிக்கலாம். குளிர்காலத்தில் இந்த ஊரில் பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பூட்ஸுக்குள் அக்காவால் கால் வைக்க முடியவில்லை. அதுதான் எங்கள் முழுப் பிரச்சினையும். நரம்புக்கென்று கொடுத்த மாத்திரைகளை ஒன்று மாற்றி ஒன்று விழுங்கிப் பார்த்தார். ஒன்று முகத்தை ஊத வைத்தது. இன்னொன்று அவரைப் பகலெல்லாம் தூங்க வைத்தது. எழும்பும்போது நோவும் கூடவே எழும்பியது.

குடும்ப வைத்தியர்தான் கடைசியில் அந்தச் சொல்லைச் சொன்னார். எனக்கு அதில் அவ்வளவு பயிற்சி இல்லை, அதற்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும். ஊரில் பத்திரிகையில் பக்கம் அமைத்த காலத்தில் அந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் எப்போதும் "கைது" என்று இன்னொரு சொல் இருக்கும். வேறு இடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"கஞ்சா, அக்கா."

"என்ன?"

"கஞ்சாவிலை இருந்து எடுக்கிற ஒரு எண்ணெய். நாக்குக்குக் கீழை சொட்டு விடுறது."

"அடக் கோதாரி. மன்னார்க் கரையிலை மூட்டை மூட்டையாப் பிடிக்கிறாங்களே, அதோ?"

"ஓம், அதுதான். ஆனால் இது சட்டப்படி."

"சட்டப்படியோ! சுவாமியாருக்குத் தெரிஞ்சால்?"

"சுவாமியாருக்கும் கால் நோ எண்டால் குடுப்பம்."

வைத்தியருக்கு நாங்கள் என்ன பேசுகிறோம் என்று விளங்கவில்லை. பார்ஃபே என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கிளினிக் டவுன்டவுனில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் நடுமாடியில் இருந்தது. முதல் தடவை நேரில் போனோம். நான் கூட இருந்து மொழிபெயர்த்தேன். அங்கிருந்த வைத்தியர் அக்காவின் காலுறையைக் கழற்றச் சொல்லி, பஞ்சால் பாதத்தைத் தொட்டார். அக்கா கதிரையோடு பின்னுக்குப் போனார். வேறொரு கேள்வியும் தேவைப்படவில்லை. ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். எண்ணெய் தயாரிப்பவர்களிடமிருந்து நேரே தபாலில் வந்தது: மை போத்தல் அளவில் ஒரு போத்தல், ஒரு சிறிய ஊசியில்லாத சிரிஞ்சு.

அக்கா அதற்குச் "சொட்டு" என்று பெயர் வைத்தார். கஞ்சா என்ற சொல் எங்கள் வீட்டில் அதன் பிறகு பாவிக்கப்படவில்லை. முதலில் மிகக் குறைவாக, பிறகு கொஞ்சம் கூட்டி, அளவைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதத்துக்குக் கிட்டச் சென்றது. நோ போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அக்காவும் சொன்னதில்லை. "நோ பக்கத்து அறைக்குப் போட்டுது. சத்தம் கேக்குது, ஆனால் இஞ்சை இல்லை" என்றார். அந்த மார்கழியில் அவர் தானே பூட்ஸை மாட்டிக்கொண்டு, பஸ் எடுத்து, கிறிஸ்மஸ் இரவு நத்தார் பூசைக்குத் தனியே போய் வந்தார். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் தட்டியபோது விழுந்த பனியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். துடைக்க மனம் வரவில்லை.

ஒரு வருடத்துக்குத்தான் எழுதலாம் என்பது சட்டம். அடுத்த இலையுதிர்காலத்தில், புதுப்பிப்பதற்காகக் கிளினிக்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவார்கள் என்று செய்தி வந்தது. கூப்பிட்ட நேரம் நான் வேலையில் இருந்தேன். மாலையில் கேட்டேன்.

"ஒரு பிள்ளை எடுத்தது. நல்ல பிள்ளை. நாலு கேள்வி கேட்டது. எல்லாத்துக்கும் சொன்னன்" என்றார் அக்கா.

"என்னவாம்?"

"பார்ஃபேயாம்."

எண்ணெய் வரவில்லை. இருந்த போத்தலில் அக்கா அளவைக் குறைத்து நாளை நீட்டினார். பிறகு கவிழ்த்து வைத்து வடித்தார். முதல் பனி விழுந்தபோது போத்தல் வெறுமையாக இருந்தது.

கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு பதிவுசெய்த குரல் இரண்டு மொழிகளிலும் சொன்னது. பிறகு பியானோ. கடைசியில் ஒருவர் எடுத்து, நோயாளியைத் தவிர வேறு யாரோடும் விபரம் கதைக்க முடியாது என்றார். நோயாளி பக்கத்திலேயே இருக்கிறார் என்று அக்காவிடம் கொடுத்தேன். கிளினிக்காரர் விரைவாக ஏதோ சொன்னார். அக்கா "ஓகே, ஓகே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன சொன்னவர்?"

"கோல் அடிச்சாச்சாம்."

"என்ன கோல்?"

"என்னைக் கேட்டால்? கோல் அடிச்சதாலை ஃபைலை மூடியாச்சாம்."

மறுபடி எடுத்தேன், மறுபடி பியானோ. இந்தத் தடவை அக்காவின் ஒப்புதலோடு எனக்கே சொன்னார்கள். சிகிச்சையின் இலக்கு எட்டப்பட்டுவிட்டது, ஆகவே கோப்பு மூடப்பட்டது. என்ன இலக்கு, யார் எட்டியது என்று கேட்டேன். அது வைத்தியரின் முடிவு. வைத்தியரோடு பேசலாமா? கோப்புத் திறந்திருந்தால் பேசலாம். கோப்பைத் திறக்க என்ன செய்யவேண்டும்? குடும்ப வைத்தியர் மீண்டும் அனுப்பவேண்டும். குடும்ப வைத்தியரைப் பார்க்க இந்த மாகாணத்தில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குக் குடும்ப வைத்தியர் என்று ஒருவர் இருப்பதே பலருக்குப் பொறாமை. மாசி மாதத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள்.

அதுவரைக்கும் என்ன செய்வது? பாமசிக்குப் போனேன். அக்காவின் மற்ற மருந்தெல்லாம் அங்கேதான் எடுக்கிறோம். மருந்தாளருக்கு அக்காவின் உடம்பு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், உண்மையான மனவருத்தத்தோடு சொன்னார்: "அபினிலிருந்து செய்த மாத்திரைகள் இந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனையோ வகை இருக்கின்றன. இதுமட்டும் பாமசியில் இல்லை, முசியே. இது தபாலில்தான் வரும்."

அரசாங்கக் கடை ஒன்று மெத்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொழுதுபோக்குக்குப் புகைப்பவர்களுக்கான கடை. அதற்கு வைத்தியர் கடிதம் வேண்டாம், வயது வந்திருந்தால் போதும். வாசலில் நின்ற காவலாளி என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். உள்ளே மாபிள் தரை, மெல்லிய வெளிச்சம், நகைக்கடை மாதிரி. கவுண்டரில் நின்ற பெண்ணிடம் அக்காவின் காலைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவள் மிக மரியாதையாகக் கையை உயர்த்தினாள்.

"நோய்களைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு அனுமதி இல்லை, முசியே. நீங்கள் என்ன மாதிரியான அனுபவத்தைத் தேடுகிறீர்கள்?"

"என் அக்கா பூட்ஸ் போடவேண்டும்."

அவள் யோசித்தாள். அந்த அனுபவம் அவளுடைய பயிற்சியில் இருந்திருக்காது. எண்ணெய்களில் இரண்டு வகையைக் காட்டினாள். அக்காவுக்கு வந்த எண்ணெய் அங்கே இல்லை. ஏறக்குறைய அதைப் போன்றது என்று நானாக ஊகித்த ஒன்றை வாங்கி வந்தேன். அக்கா வழமையான அளவில் பாதியை விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி, கால் நோ அப்பிடியே இருக்கு. ஆனால் சுவரிலை இருக்கிற மாதா என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

"அக்கா, படுங்கோ."

"படுக்கிறன். முதல் உந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு போ. மாதாவுக்கு முன்னாலை வெக்கமாக் கிடக்கு."

அந்தக் குளிர்காலத்தில் அக்கா வெளியே போகவில்லை. நத்தார் பூசையைத் தொலைபேசித் திரையில் பார்த்தார். கோயில் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, நடந்தால் சரியாகும், இஞ்சி போட்டால் சரியாகும், ஒரு நல்லெண்ணெய் இருக்கு பூசினால் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எண்ணெய் என்றதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சொட்டைப் பற்றி அவர்கள் யாருக்கும் தெரியாது. பூட்ஸ் வாசலில் தட்டின் மேல் காய்ந்துபோய் நின்றன. வேறு வீடுகளில் அந்தத் தட்டில் எப்போதும் உப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும்.

மாசியில் குடும்ப வைத்தியரிடம் போனோம். காலுறைக்கு மேல் பிளாஸ்திக் பை கட்டி, செருப்புப் போட்டு, வாசலிலிருந்து டாக்ஸி வரை அக்காவைத் தாங்கிக்கொண்டு போனேன். வைத்தியர் ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு நோவு இல்லை என்றல்லவா கிளினிக் எனக்கு அறிவித்திருந்தது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா பொய் சொல்பவர் அல்ல. அதுவும் இந்த விஷயத்தில் இல்லாததைச் சொல்வதற்கோ இருப்பதை மறைப்பதற்கோ அவருக்கு ஒரு காரணமும் இல்லை. வேறொருவரின் விபரம் அக்காவின் கோப்பில் கலந்துவிட்டது என்று முடிவு செய்தேன். கிளினிக்கோடு சண்டை பிடிப்பதற்கு மனதுக்குள் வசனங்களும் தயாரித்தேன்.

வைத்தியர் மீண்டும் அனுப்பிவைத்தார். கிளினிக்கிலிருந்து மீண்டும் தொலைபேசி வரும் என்றார்கள். இந்தத் தடவை நான் வேலைக்குப் போகவில்லை. தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, இருவரும் இரண்டு பக்கமும் இருந்தோம். தாதி எடுத்தார். பிரெஞ்சுக்காரி, எங்களுக்காக ஆங்கிலத்தில் கதைத்தார். தம்பி பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கேள்விகளுக்கு நோயாளிதான் பதில் சொல்லவேண்டும் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெயர், பிறந்த திகதி. பார்ஃபே.

"மதாம், உங்களை மீண்டும் எங்களிடம் அனுப்பிய காரணம், கால். இன்று காலில் வலி இருக்கிறதா?"

கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. அக்கா கண்களை மூடினார். தணலை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தேடும்போது அவர் அப்படித்தான் மூடுவார். தேடும்போது வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்.

"நோ..." என்றார். பெருமூச்சு விட்டார். "நோ, நோ..."

"பார்ஃபே!" என்றார் தாதி. "நித்திரை எப்படி?"

நான் எழும்பியதில் கதிரை விழுந்தது. "நில்லுங்கள், நில்லுங்கள்! அது இல்லை என்ற நோ அல்ல!" என்று கத்தினேன்.

"முசியே, மதாம்தான் பதில் சொல்லவேண்டும்."

"அவர் பதில் சொல்லிவிட்டார். எங்கள் மொழியில் நோ என்றால் வலி."

மறுபக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. பியானோகூட இல்லை.

"அப்படியென்றால் அவர் நோ என்று சொன்னால், ஆம் என்று அர்த்தமா?"

"நோ என்று சொன்னால் வலி என்று அர்த்தம்."

"அப்படியானால் வலி இல்லை என்பதற்கு என்ன சொல்வார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னவாம்?" என்று கேட்டார்.

"நோ இல்லை எண்டால் என்னெண்டு சொல்லுவியள் எண்டு கேக்கிறா."

"அது ஏன்? எனக்கு நோ இருக்கு. நோ எண்டு சொன்னன் தானே. முந்தியும் இந்தப் பிள்ளைக்கு அப்பிடித்தான் சொன்னன். கால் நோ, நோ எண்டு. பார்ஃபே எண்டது." பிறகு நிறுத்தினார். முகம் மெல்ல மெல்ல மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே குவிந்திருந்த பனியைப் பார்த்தார்.

"நான் நோ எண்டு சொல்ல, அவள் நல்லது எண்டு சொல்லியிருக்கிறாள்."

"ஓம், அக்கா."

"நானும் மெர்சி எண்டு சொன்னன்."

தாதி நல்ல மனுசிதான். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஆனால் மூடிய கோப்பில் இருக்கும் காரணத்தை அவரால் திருத்த முடியாதாம். புதிய கோப்பில் வைத்தியர் நேரடியாகக் கதைத்துத்தான் எழுதவேண்டுமாம், வைத்தியர் கிழமைக்கு ஒரு நாள்தான் வருகிறாராம். யாரைப் பிடித்துக் கத்துவது? மனதில் வைத்திருந்த வசனங்கள் ஒன்றுக்கும் இப்போது ஆள் இல்லை. ஒரு குளிர்காலத்தைத் தின்றது ஒரு எழுத்து.

வைத்தியர் கூப்பிடும் நாளுக்கு முன் அக்காவுக்கு ஒத்திகை வைத்தேன்.

"நோ எண்ட சொல்லே வாயிலை வரக்கூடாது. பெயின் எண்டு சொல்லுங்கோ."

"பெயின் எண்டு சொல்லத்தான் தெரியுமே. அதுக்கு முதல் நோ வந்திடுது. நோகிற நேரத்திலை நான் என்ன இங்கிலிசோ யோசிக்கிறது?"

"அப்ப வலி எண்டு சொல்லுங்கோ. வலி எண்டால் அவைக்கு ஒண்டும் விளங்காது, திருப்பிக் கேப்பினம்."

"வலி எண்டால் காக்கைவலியெல்லோ, வலிப்பு. இனி அதுக்கும் ஒரு மருந்து தரப்போறான்."

"பிரெஞ்சிலை மால் எண்டு சொல்லலாம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விசரே உனக்கு? நோ எண்டதுக்கு நோ இல்லை எண்டு எழுதினவை, மால் எண்டால் நான் ஷொப்பிங் போறன் எண்டெல்லோ எழுதுவினம்."

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

வைத்தியர் கூப்பிட்டார். அக்கா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, "யெஸ் பெயின், யெஸ் பெயின்" என்று எல்லாக் கேள்விகளுக்கும் சொன்னார். பசி எப்படி என்று கேட்டதற்கும் யெஸ் பெயின் என்றார். வைத்தியர் எழுதிக் கொடுத்தார், மீண்டும் ஒரு வருடத்துக்கு.

பங்குனியில் பொதி வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, வந்துவிட்டுப் போனது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடியில். தபால்காரர் மணியடித்திருக்கிறார். அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்துப் படிக்கட்டில் இறங்கிக் கதவைத் திறப்பதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார். கதவில் துண்டு ஒட்டியிருந்தது. கையெழுத்துத் தேவையான பொதி, அருகிலுள்ள தபால் கவுண்டரில் பெற்றுக்கொள்ளவும். அக்காவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நான் போனேன். முடியாது என்றார்கள். பெயருக்குரியவர் நேரில் வரவேண்டும்.

"கால் ஏலாமல்தான் மருந்து எடுக்கிறா" என்றேன்.

"விளங்குது, முசியே. அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

தபால் கவுண்டர் இருந்தது எங்கள் பாமசிக்குள்தான். ஷாம்பு அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால், மருந்தாளரின் கவுண்டரிலிருந்து கைநீட்டினால் தொடும் தூரத்தில். அந்தக் கட்டடத்தில் விற்கக்கூடாத மருந்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பெட்டியில் கிடந்தது.

அடுத்த நாள் அக்காவைக் கூட்டிப் போனேன். பனி பாதி உருகி, நடைபாதையெல்லாம் சேறும் பனிக்கட்டியும். செருப்போடு முடியாது. அக்கா கட்டிலில் இருந்தபடி பூட்ஸுக்குள் கால்களைத் தள்ளினார். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தார்; அந்த இடம் பிறகு கன்றிப்போயிருந்தது. கையெழுத்து வைத்தார், அட்டையைக் காட்டினார். தபால் கவுண்டரில் நின்ற பெண் பொதியை நீட்டி, பார்ஃபே என்றாள்.

"வீட்டை போய் எடுப்பம், அக்கா."

"வீட்டை போக ஏலாது. இஞ்சையே எடு."

இரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரத்தின் கதிரையில் அவரை இருத்தினேன். பொதியை வீட்டுக் கதவுத் திறப்பாலேயே கிழித்து, சிரிஞ்சில் அளந்து கொடுத்தேன். அக்கா நாக்கைத் தூக்கிச் சொட்டை விட்டுவிட்டு வாயை இறுக மூடினார். உடனே விழுங்கக்கூடாது, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கவேண்டும். அது வேலை செய்ய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மருந்தாளர் எங்களைக் கண்டுவிட்டு வெளியே வந்தார். என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், பார்க்காத மாதிரி அக்காவிடம் குனிந்தார்.

"சா வா, மதாம்? வலி கொஞ்சம் பரவாயில்லையா?"

அக்காவால் வாய் திறக்க முடியாது. பொறுத்துப் பார்ப்போம் என்பதற்கு எங்கள் ஆட்கள் செய்வதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"பார்ஃபே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அக்கா விழுங்கினார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை, அக்கா. இருங்கோ."